முடியல்ல, விரிசல்!

"மாமா, பெட்டிமேல முடி விழுந்திருக்கு. எவ்வளவு துடைச்சாலும் போகமாட்டேங்குது."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் அக்கா மகன் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய இரவுதான் நாங்கள் இருவரும் மூன்று வார வேலையை முடித்திருந்தோம். அவனுடைய பழைய கணினியின் இரும்புப் பெட்டி துருப்பிடித்துவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும்படி அக்ரிலிக் தகடுகளால் ஒரு புதுப் பெட்டி செய்ய வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தகடு வாங்கிய பணம் அவனுடைய சேமிப்பு. படம் வரைந்தது இருவரும். பூட்டி முடித்து, விரல் ரேகை தெரியாமல் பளபளவென்று துடைத்து, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே நான் வீடு திரும்பினேன்.

மீண்டும் அவன் வீட்டிற்குப் போய்ப் பார்த்தால், அவன் சொன்னது போலவே முடி போன்ற மெல்லிய கோடுகள். ஆனால் நகத்தால் சுரண்டியபோது அவை தகட்டின் மேல் இல்லை, தகட்டுக்குள் இருந்தன. பெரும்பாலானவை திருகுத் துளைகளைச் சுற்றிச் சூரியக் கதிர்கள் போல் கிளம்பியிருந்தன. மின்வழங்கியைத் தாங்கும் பின்பக்கத் தகட்டில் ஒரு கோடு துளையிலிருந்து விளிம்புவரை ஓடியிருந்தது. அந்தத் தகடு உடைந்தால், 230 வோல்ட் மின்சாரம் பாயும் கம்பி செருகிய ஒரு பொருள் கீழே விழும். உடனே மின்செருகியைப் பிடுங்கினோம்.

யாரும் தட்டவில்லை, கீழே போடவில்லை. ஒரே இரவில், மேசைமேல் சும்மா இருந்த பெட்டியில் விரிசல் எப்படி வந்தது? அதைத் தேடிப் போனபோதுதான், அக்ரிலிக் பெட்டி செய்ய விரும்பும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதை நாங்கள் கடைசியாகத் தெரிந்துகொண்டோம்.

பெட்டிக்கு என்ன வேலை?

கணினிப் பெட்டி வெறும் மூடி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு நான்கு வேலைகள் உண்டு. உள்ளே இருக்கும் உறுப்புகளை அசையாமல் தாங்க வேண்டும். அவை வெளியிடும் வெப்பம் வெளியேற வழிவிட வேண்டும். மின்சாரத்திலிருந்து நம் கையைக் காக்க வேண்டும். உள்ளே உண்டாகும் வானொலி இரைச்சல் அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தொந்தரவு செய்யாமல் ஓரளவு தடுக்க வேண்டும். இரும்புத் தகடு இந்த நான்கையும் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. அக்ரிலிக்குக்கு மாறினால் ஒவ்வொன்றையும் நாமே யோசித்துச் செய்ய வேண்டும்.

அக்ரிலிக்கின் வேதியியல் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி, வேகவைத்த நூடல்ஸ் போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பொருள் இது. 1933இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளரின் நிறுவனம் இதைப் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவு செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் இது பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த ஒளிபுகும் கூரை இதனால் ஆனது. உடைந்த கூரையின் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தைத்தபோதும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் ஹெரல்ட் ரிட்லி, 1949இல் இதே பொருளால் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். இன்றைய கண்புரை அறுவை சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

செந்தோசாவில் மீன்கள் நீந்துவதைப் பார்க்க நாம் நிற்கும் அந்தப் பெரிய காட்சிச் சுவரும் அக்ரிலிக்தான். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். அவ்வளவு கடல்நீரைத் தாங்கும் பொருள், ஒரு சிறு கணினியைத் தாங்காதா?

முதல் சந்தேகம்: தகடு மெலிதோ?

எங்கள் முதல் சந்தேகம் தடிமன்மேல் விழுந்தது. ஒரு பொருள் வளைவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை ஒப்பிட்டால், எஃகு அக்ரிலிக்கைவிட ஏறத்தாழ 65 மடங்கு விறைப்பானது. அப்படியென்றால் இரும்புப் பெட்டிக்கு ஈடான அக்ரிலிக் பெட்டிக்கு 65 மடங்கு தடிமன் வேண்டுமா?

வேண்டாம். காரணம் இது: ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்து உயரும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு, நான்கு மடங்கானால் 64 மடங்கு. ஆகவே 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் விறைப்பைப் பெற, அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர் அக்ரிலிக் போதும். அப்போதும் அது இரும்பைவிட எடை குறைவாகத்தான் இருக்கும்.

நாங்கள் பயன்படுத்தியது 5 மில்லிமீட்டர் தகடு. உள்ளே இருந்ததோ 170 மில்லிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை, சிறிய எஸ்எஃப்எக்ஸ் மின்வழங்கி, இரண்டு மின்விசிறிகள், ஒரு சேமிப்பகம். எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோகூட இருக்காது. எடையால் விரிசல் வந்திருக்க முடியாது.

இரண்டாம் சந்தேகம்: வெப்பமோ?

அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் ரப்பர் போல் இளகிவிடும். எடை தாங்கும் இடத்தில் இருந்தால் 80 டிகிரியைத் தாண்டும்போதே மெல்ல வளையத் தொடங்கும். செயலியின் உலோகக் குளிர்விப்பானும் வரைகலை அட்டையும் கடுமையாக வேலை செய்யும்போது அந்த அளவுக்குச் சூடாகக்கூடும் என்பதால், அவற்றின் பக்கத்தில் தகடு உரசக்கூடாது. நாங்கள் எல்லாப் பக்கமும் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தோம்.

சரி, உள்ளே இருக்கும் காற்று? அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு ஜூல் ஆற்றல் வேண்டும். எனவே ஒரு லிட்டர் காற்று 10 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 12 ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். எங்கள் கணினி அதிகபட்சம் 120 வாட்ஸ் மின்சாரம் எடுக்கும், அதாவது விநாடிக்கு 120 ஜூல். கணினிக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆகவே விநாடிக்குப் 10 லிட்டர் காற்று பெட்டியைக் கடந்து போனால், வெளியே வரும் காற்று அறையைவிட 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்கும்.

சாதாரண 120 மில்லிமீட்டர் மின்விசிறி திறந்த வெளியில் விநாடிக்கு 25 லிட்டர் அளவுக்குக் காற்றைத் தள்ளும். தூசு வடிகட்டி, கம்பிகள், குறுகிய வழி எல்லாம் சேர்ந்து அதைப் பாதியாகக் குறைத்தாலும் எங்களுக்குப் போதும். முன்பக்கம் கீழே ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. பின்பக்கம் மேலே ஒன்று வெளியே தள்ளுகிறது. அன்றிரவு அறை 29 டிகிரி. வெளியேறும் காற்றில் சமையலறை வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தபோது 36 டிகிரி. வெப்பமும் குற்றவாளி இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திக்கொள்வோம். அக்ரிலிக் வெப்பத்தைக் கடத்தாது, அதனால்தான் அக்ரிலிக் பெட்டிகள் சூடாகின்றன என்று பலர் சொல்வார்கள். இரும்போடு ஒப்பிட்டால் அக்ரிலிக் மிக மோசமான வெப்பக் கடத்தி என்பது சரிதான். ஆனால் எந்தச் சுவரானாலும் அதன் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் அசையாத காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அக்ரிலிக்கைவிட ஏழு மடங்கு மோசமான கடத்தி. வெப்பத்தை முதலில் தடுப்பது அந்தக் காற்றுப் படலம். அது இரும்புப் பெட்டிக்கும் உண்டு. இரண்டு வகைப் பெட்டியிலும் வெப்பம் பெரும்பாலும் ஓட்டைகள் வழியாக, காற்றோடு சேர்ந்துதான் வெளியேறுகிறது. அக்ரிலிக் பெட்டி சூடானால், அழகு கெட்டுவிடும் என்று யாரோ ஓட்டை போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாம் சந்தேகம்: திருகுகளோ?

விரிசல்கள் துளைகளில் தொடங்கியிருந்தன. ஆகவே திருகுகளை விட்டுவிட முடியாது.

உடனடி நூடல்ஸின் மசாலாப் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அங்கே பிடித்து இழுத்தால் சுலபமாகக் கிழியும். வெட்டு இல்லாத இடத்தில் பல்லால் கடித்தாலும் கிழியாது. நாம் இழுக்கும் விசை பொட்டலம் முழுவதும் பரவாமல், அந்த வெட்டின் நுனியில் குவிந்துவிடுவதே காரணம். தகட்டில் உள்ள ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு கூர்மையான உள்மூலையும் அப்படிப்பட்ட வெட்டுத்தான். அதனால்தான் அக்ரிலிக்கில் சதுர ஓட்டை போடும்போது மூலைகளை வளைவாக விடச் சொல்கிறார்கள்.

எங்கள் துளைகளில் இன்னொரு பிழையும் இருந்தது. 3 மில்லிமீட்டர் திருகுக்குச் சரியாக 3 மில்லிமீட்டர் துளை. இரும்பில் அது சரி. ஆனால் அக்ரிலிக் சூடானால் இரும்பைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக விரியும். 300 மில்லிமீட்டர் நீளத் தகடு 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நீளும். துளையில் இடம் இல்லாவிட்டால், தகடு திருகுமேல் மோதி முறுக்கிக்கொள்ளும். போதாததற்கு, திருகுகளை நாங்கள் இரும்பில் இறுக்குவதுபோல் பலமாக இறுக்கியிருந்தோம்.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். அக்கா மகன்தான் விடவில்லை. "திருகு இல்லாத இடத்துலயும் கோடு இருக்கே மாமா," என்று காட்டினான். விசிறிக்காக வெட்டிய பெரிய வட்டத்தின் ஓரத்தில், திருகே இல்லாத பகுதியிலும், நுண்ணிய கோடுகள் சீப்பின் பற்கள் போல் வரிசையாக இருந்தன. அங்கே இழுத்தது யார்?

லேசர் விட்டுச் சென்ற இறுக்கம்

அக்ரிலிக் தகட்டை வெட்ட மூன்று வழிகள் உண்டு. 3 மில்லிமீட்டர்வரை உள்ள தகட்டைக் கீறு கத்தியால் பலமுறை ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடிக்கலாம். தடித்த தகட்டை ரம்பத்தால் அறுக்கலாம். மூன்றாவது வழி லேசர். நாங்கள் கணினியில் வரைந்த படத்தை, விளம்பரப் பலகை செய்யும் ஒரு கடையில் கொடுத்து வெட்டி வாங்கினோம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 92 விழுக்காடு அக்ரிலிக் வழியாகப் போய்விடும். பிறகு ஒளிக்கற்றையான லேசர் எப்படி அதை வெட்டுகிறது? கடைகளில் உள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர் கொண்ட அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் அக்ரிலிக், அந்த அகச்சிவப்புக்குக் கருப்புச் சுவர். ஒளி பட்ட இடம் கணத்தில் உருகி ஆவியாகிவிடும். சிலர் வீட்டில் வைத்திருக்கும் சிறிய நீலநிற லேசர் கருவிகள் ஒளிபுகும் அக்ரிலிக்கை வெட்ட முடியாததற்கும் இதுவே காரணம். நீல ஒளி தகட்டை ஊடுருவிப் போய்விடுகிறது.

லேசர் வெட்டிய விளிம்பு, மெருகேற்றியதுபோல் மின்னும். அந்த மினுமினுப்பைத்தான் நாங்கள் ரசித்தோம். ஆனால் அது எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. விளிம்பில் மெல்லிய ஒரு படலம் உருகி, உடனே குளிர்ந்து இறுகியதால் வந்த மினுமினுப்பு அது. உருகியது குளிரும்போது சுருங்க முயலும். ஆனால் பக்கத்தில் உள்ள குளிர்ந்த அக்ரிலிக் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். முடிவில் அந்தப் படலம், இழுத்துக் கட்டிய ரப்பர் வளையம் போல், எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். யாரும் தொடாமலே, எந்த எடையும் வைக்காமலே உள்ளே தங்கிவிட்ட இழுவிசை அது. இதை உள்ளிறுக்கம் என்று சொல்லலாம். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதற்குள் இருந்தது.

திருகு இல்லாத இடத்தில் இழுத்தது யார் என்பதற்கு விடை கிடைத்தது. ஆனால் இன்னொரு கேள்வி எழுந்தது. தகடுகளை வெட்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமும் வராத விரிசல், அந்த ஓர் இரவில் ஏன் வந்தது? அன்றிரவு புதிதாக என்ன செய்தோம்?

நான் துடைத்தேன். விரல் ரேகைகளைப் போக்க, கையில் அடித்துக்கொள்ளும் கிருமிநாசினித் தெளிப்பானைப் பெட்டி முழுவதும் அடித்துத் துடைத்தவன் நான்தான். அதில் இருப்பது பெரும்பகுதி ஆல்கஹால்.

நான்கு துண்டுகள், ஒரு சோதனை

சந்தேகம் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்த வெட்டுமிச்சத்திலிருந்து நான்கு சிறு பட்டைகளை எடுத்தோம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து இதைச் செய்தோம். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

முதல் பட்டையை இரு முனையிலும் பிடித்துச் சற்றே வளைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பட்டையை வளைக்காமல், லேசர் விளிம்பில் ஆல்கஹால் தடவினோம். சிறிது நேரத்தில் விளிம்பை ஒட்டி மட்டும் நுண்ணிய கோடுகள் தோன்றின. மூன்றாவதை வளைத்துப் பிடித்து ஆல்கஹால் தடவினோம். கண்முன்னே கோடுகள் விளிம்பிலிருந்து உள்ளே ஓடின. நான்காவது பட்டையின் லேசர் விளிம்பை முதலிலேயே உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து நீக்கிவிட்டு, வளைக்காமல் ஆல்கஹால் தடவினோம். கோடு எதுவும் தெரியவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததால் விடை தெளிவாகக் கிடைத்தது. இழுவிசை மட்டும் இருந்தால் விரிசல் இல்லை. ஆல்கஹால் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் விரிசல்.

ஏன் அப்படி? பின்னிக் கிடக்கும் நூடல்ஸ் சங்கிலிகளை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அக்ரிலிக் கெட்டியாக இருக்கிறது. ஆல்கஹாலின் சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. இழுவிசை இல்லாத இடத்தில் சங்கிலிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆல்கஹாலும் ஆவியாகிப் போய்விடும். இழுவிசை உள்ள இடத்திலோ, பிடி தளர்ந்த சங்கிலிகள் வழுக்கி விலகிவிடும். அங்கே நுண்ணிய பிளவு உண்டாகும். பிளவின் நுனியில் விசை குவியும். அதே பிளவு ஆல்கஹாலை இன்னும் உள்ளே உறிஞ்சும். எங்கள் பெட்டியில் திருகின் தலைக்கு அடியில் தேங்கிய ஆல்கஹால் சீக்கிரம் உலரவும் வழியில்லை. லேசரின் உள்ளிறுக்கம், திருகின் அழுத்தம், தேங்கிய ஆல்கஹால் ஆகிய மூன்றும் சந்தித்த இடம் அந்தத் துளைகள்தான்.

கொவிட்-19 காலத்தில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வைத்த ஒளிபுகும் தடுப்புகளில் பல அக்ரிலிக்தான். அவற்றையும் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் இப்படிப்பட்ட கோடுகள் விழக்கூடும். பழைய தடுப்பு எங்காவது இன்னும் இருந்தால் அதன் திருகுத் துளைகளைக் கூர்ந்து பாருங்கள்.

இரண்டாவது பெட்டி

தோற்றுப்போன பெட்டியை ஒட்டிச் சரிசெய்யலாமா என்று யோசித்தோம். அக்ரிலிக்குக்கான சிறப்புப் பசை வெறும் பசையன்று. இரு தகடுகளின் முகப்பையும் கரைத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, பிறகு ஆவியாகிவிடும் கரைப்பான் அது. சரியாகச் செய்தால் மிக உறுதியான இணைப்பு கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் இருக்கும் டைகுளோரோமீத்தேனின் ஆவி உடலுக்குக் கெடுதல். வீவக வீட்டின் அறைக்குள் பயன்படுத்தத் தகுந்ததன்று. அதோடு, இறுக்கம் உள்ள லேசர் விளிம்பில் அதைத் தடவினால் அதுவே புதிய விரிசலை உண்டாக்கும். ஆகவே புதிய தகடுகள், மறுபடியும் திருகுகள் என்று முடிவு செய்தோம்.

இம்முறை முதலில் அட்டையால் ஒரு மாதிரி செய்தோம். உறுப்புகளின் அளவுகள் உலகம் முழுவதும் ஒன்றாக இருப்பதால் இது சுலபம். 120 மில்லிமீட்டர் விசிறியின் துளைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர். எஸ்எஃப்எக்ஸ் மின்வழங்கி 125க்கு 100க்கு 63.5 மில்லிமீட்டர். தாய்ப்பலகையின் பின்பக்க இணைப்புகளுக்கான சாளரம் 158.75க்கு 44.45 மில்லிமீட்டர். விந்தையான எண்களாகத் தெரிகின்றனவா? அங்குலத்தில் அவை ஆறேகாலும் ஒன்றேமுக்காலும். அட்டை மாதிரியில் கை நுழையாத மூலை ஒன்று தெரியவந்தது. அட்டையில் திருத்துவதற்குக் காசு செலவில்லை.

தகட்டில் இரண்டு வகை உண்டு என்பதையும் இம்முறை தெரிந்துகொண்டோம். உருளைகளுக்கு இடையே பிதுக்கி எடுத்தது ஒன்று, அச்சில் வார்த்து எடுத்தது மற்றொன்று. வார்த்த தகட்டில் சங்கிலிகள் மிக நீளம், உள்ளிறுக்கமும் குறைவு. சற்று விலை கூடினாலும் ஆல்கஹால் போன்றவற்றை அது அதிகம் தாங்கும். ஆனால் அதன் தடிமன் ஒரே சீராக இருக்காது. 5 மில்லிமீட்டர் என்று வாங்கியது சில இடங்களில் 4.7 மட்டுமே இருந்தது. ஆகவே வெர்னியர் அளவியால் அளந்த பிறகே இணைப்புகளின் அளவை முடிவு செய்தோம்.

திருகுத் துளைகளை லேசரால் சிறிதாக வெட்டி வாங்கி, பிறகு 4 மில்லிமீட்டர் துளைப்பானால் மெதுவாகப் பெரிதாக்கினோம். உருகி இறுகிய படலம் அதோடு போய்விடும். 3 மில்லிமீட்டர் திருகு விரிந்து சுருங்க இடமும் கிடைக்கும். துளைக்கும்போது தகட்டின் பாதுகாப்புத் தாளை உரிக்காமல், அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால், துளைப்பான் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் தகட்டைக் கவ்விப் பிளந்துவிடும். பெரிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தோம். ஒவ்வொரு திருகின் அடியிலும் நைலான் வாஷர் போட்டு, விரல்களால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். மூலைகளைச் சிறிய எல் வடிவ அலுமினியத் துண்டுகள் பிடித்துக்கொண்டன.

பட்டறைகளில் இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. வெட்டிய தகட்டை ஏறத்தாழ 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, மிக மெதுவாகக் குளிரவிடுவார்கள். அந்தச் சூட்டில் சங்கிலிகள் தங்களைத் தளர்த்திக்கொள்ளும், உள்ளிறுக்கம் வெகுவாகக் குறையும். இதற்குச் சமையலறை அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். வெப்பம் அங்கே சீராகவும் இருக்காது, உணவு சமைக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கவும் கூடாது.

துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணி. அதுவும் கணினியைப் பூட்டுவதற்கு முன்பே.

மின்சாரத்தோடு விளையாடாதீர்கள்

இரும்புப் பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் அது மூன்றாவது கம்பி வழியாக நிலத்துக்குப் போய்விடும். அக்ரிலிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதற்கு அந்த ஆபத்து இல்லை என்று தோன்றலாம். ஆனால் உள்ளே இருக்கும் மின்வழங்கியின் உலோக உறை, அதன் மூன்று முனைச் செருகி வழியாக நில இணைப்பில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு முனைச் செருகியோ மாற்றியோ ஒருபோதும் கூடாது. மின்வழங்கியின் உறையையும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

தகட்டின் பாதுகாப்புத் தாளை உரிக்கும்போது சடசடவென்று சத்தம் கேட்கும், கைமுடி சிலிர்க்கும். அது நிலைமின். நமக்கு அது வெறும் சிலிர்ப்பு, கணினியின் சில்லுகளுக்கோ அதுவே ஆபத்து. தாய்ப்பலகை அருகில் இல்லாதபோது தாளை உரித்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பலகையைத் தொடுமுன் தண்ணீர்க் குழாய் போன்ற ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இரும்பு எரியாது, அக்ரிலிக் எரியும். தீப்பிடித்தால் தானாக அணையாது. ஆகவே சூடாகும் உறுப்புகளைத் தள்ளி வையுங்கள், தூசு சேரவிடாதீர்கள், தூங்கும்போது கணினியை ஓடவிடாதீர்கள்.

நீங்கள் தொடங்குவதென்றால்

இதைப் படித்ததும் வீட்டில் உள்ள கணினியைக் கழற்றிவிட வேண்டாம். முதல் முயற்சிக்கு ராஸ்பெரி பை போன்ற சிறிய கணினி ஏற்றது. அதன் பலகை 85க்கு 56 மில்லிமீட்டர்தான். நான்கு துளைகள் 58க்கு 49 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். முக்கியமாக, பெட்டிக்குள் வருவது 5 வோல்ட் மட்டுமே. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவே நான்கு உலோகத் தூண்கள். 3 மில்லிமீட்டர் தகடு போதும், கீறு கத்தியே வெட்டிவிடும். வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாட ஆசிரியரிடம் கேட்டால் பள்ளிப் பட்டறையில் அவர் முன்னிலையிலேயே செய்யலாம். பக்கங்கள் திறந்திருப்பதால் காற்றோட்டத்துக்கும் கணக்குத் தேவையில்லை.

அதன் பிறகு பெரிய பெட்டிக்குப் போனால், இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்குகளை உங்கள் கணினிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை வாட்ஸ், எத்தனை லிட்டர் காற்று, எத்தனை மில்லிமீட்டர் விரிவு.

இரண்டாவது பெட்டி இப்போது அக்கா மகனின் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாதங்கள் ஆகியும் ஒரு கோடுகூட இல்லை. விரிசல் விட்ட பழைய தகட்டை அவன் தூக்கிப் போடவில்லை. அதிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து, சூரியக் கதிர்கள் போன்ற அந்தக் கோடுகள் தெரியும்படி சன்னலோரம் வைத்திருக்கிறான். வெயில் படும்போது அது அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில், "மாமா துடைத்தது" என்று எழுதியும் வைத்திருக்கிறான்.